மேல்விலாசம் மட்டும் எழுதிய கார்டு

காலை ஜெபம் நடந்துகொண்டிருந்தது. ஞானப்பாட்டின் இரண்டாம் அடியில் இருந்தோம். அப்போதுதான் வாசல் பக்கமிருந்து ஒப்பாரிச் சத்தம் கேட்டது.

ஒரு குரல் அல்ல, பத்துப் பன்னிரண்டு குரல். முதலில் ரோட்டோடு ஏதோ பிணம் போகிறது என்றுதான் நினைத்தோம். பாளையங்கோட்டையில் எங்கள் விடுதி பெரிய ரோட்டை ஒட்டி இருந்ததால், கல்யாணமானாலும் சாவானாலும் எங்கள் மதிலைத் தொட்டுக்கொண்டுதான் போகும். நாங்கள் பாட்டை நிறுத்துவதில்லை. கொஞ்சம் சத்தம் கூட்டிப் பாடுவோம், அவ்வளவுதான்.

ஆனால் அன்று அந்தச் சத்தம் நகர்ந்து போகவில்லை. எங்கள் வாசலிலேயே நின்றது. பாட்டு தானாகவே தேய்ந்து நின்றபோது பெயர் காதில் விழுந்தது.

"அன்னப்பழமே, எம் பொன்னே, இங்கன கொண்டுவந்து ஒன்னையப் பறிகுடுத்தேனே."

அன்னப்பழம் எனக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். பாடத் திறந்த வாய் திறந்தபடி இருந்தது. என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள். "ஏக்கா, என்னையவா சொல்லுதாவ?"

உயிரோடு உட்கார்ந்து தன் ஒப்பாரியைத் தானே கேட்ட ஒரு ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது இருக்கும். எனக்கு அவளைவிட இரண்டு வயது கூடுதல்.

அன்றைக்கு வாசலில் நடந்ததைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் என் உத்தியோகம் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஈரத்துணி உத்தியோகம்

பள்ளிக்கூடத்தில் நான் வகித்த பதவிகளை முன்பு ஒரு வாரம் பெருமையாக அடுக்கியிருந்தேன். மணி அடித்தது, விளக்குக்கு எண்ணெய் அளந்தது, சின்னப் பிள்ளைகளுக்குப் பேன் பார்த்தது, எல்லாம் எழுதினேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை. வெட்கப்பட்டு விட்டேன்.

நான் சிலேட்டு துடைக்கிறவளாக இருந்தேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்களுக்குக் கடிதம் எழுதும் நாள். உடனே கார்டு கைக்கு வந்துவிடாது. வீட்டுக்கு எழுத நினைப்பதை முதலில் சிலேட்டில் எழுத வேண்டும். மிஸ்ஸியம்மாள் வரிசையாக வந்து ஒவ்வொரு சிலேட்டாக வாசிப்பார்கள். விடுதிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தலைமை அந்த வெள்ளைக்கார அம்மாள்தான். பிழை இருந்தால் திருத்துவார்கள். வேண்டாத வரி இருந்தால் அதன்மேல் விரலை வைப்பார்கள். பின்னாலேயே ஈரத்துணியும் தண்ணீர்ச் சட்டியுமாக வரும் நான், விரல் பட்ட வரியைத் துடைப்பேன். மிச்சம் இருப்பதைக் கார்டில் பார்த்து எழுத வேண்டும்.

எழுதத் தெரியாமல் முழிக்கிறவர்களுக்காகக் கரும்பலகையில் ஒரு மாதிரிக் கடிதம் எப்போதும் இருக்கும். "அன்புள்ள தாய் தகப்பனாருக்கு, தேவ கிருபையால் நான் சுகமாயிருக்கிறேன். தங்கள் சுகத்துக்கு எழுதவும். பாடங்களை நன்றாய்ப் படிக்கிறேன். எங்களை அன்பாய் விசாரிக்கிறார்கள்." தகப்பன் செத்துப்போன பிள்ளைகளும் 'தாய் தகப்பனாருக்கு' என்றுதான் எழுதின. எழுதிவிட்டால் வேலை முடிந்தது, வெளியே போய் விளையாடலாம். நானும் இரண்டு வருஷம் அதையேதான் என் அப்பாவுக்கு எழுதினேன். அப்பா ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்.

என் துணி எத்தனை வரியைக் குடித்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். 'சோற்றில் கல் கிடக்கிறது' என்றொரு வரி. 'ராத்திரி பயமாயிருக்கிறது' என்றொரு வரி. 'எப்போ வந்து கூட்டிப் போவீங்க' என்ற வரியைத்தான் அதிகம் துடைத்திருப்பேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. சிலேட்டில் கறையில்லாமல் துடைக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. அதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வேறு.

மிஸ்ஸியம்மாள் பக்கத்து நியாயம்

மிஸ்ஸியம்மாளைக் கொடுமைக்காரி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நல்லவர்கள். ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் தன் கையால் கழுவிவிடுவார்கள். முன்ஷி என்ற தமிழ் வாத்தியாரை வைத்துப் படித்த சுத்தமான தமிழ் பேசுவார்கள். 'வந்துக்கிட்டு' என்று நாங்கள் சொன்னால் 'வந்துகொண்டு' என்று திருத்துவார்கள்.

துடைக்கிற வழக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. நான் சேர்வதற்கு முன் ஒரு பிள்ளை 'எனக்குக் காய்ச்சல்' என்று வீட்டுக்கு எழுதியதாம். கார்டு போய்ச் சேர்வதற்குள் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனாலும் தகப்பனார் வண்டி கட்டிக்கொண்டு வந்து பிள்ளையைக் கூட்டிப் போய்விட்டார். அடுத்த மாதமே கல்யாணம். எழுதப் படிக்கக் கெட்டிக்காரப் பிள்ளையாம். அதிலிருந்து மிஸ்ஸியம்மாளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு வரி போனால் ஒரு பிள்ளை போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் காலத்தில் பெண்பிள்ளையைப் படிக்க வைப்பதே வேண்டாத வேலை என்று ஊர் சொல்லும்போது, அந்தப் பயத்தைத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

இது எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். ஆற்றுக்கு அக்கரையில் டவுனில் பையன்கள் வகுப்பை விட்டு வெளியே வந்து வெள்ளைக்கார ஆட்சிக்கு எதிராகக் கோஷம் போட்டு, போலீஸ் வந்து, ஊர் அடங்கிக் கிடந்ததே, அதற்கு ஒன்றிரண்டு வருஷம் பிந்தி இருக்கலாம். அந்தப் பையன்களைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். பேசட்டும், பேச வேண்டியதுதான். இக்கரையில் மதிலுக்குள் இருந்த எங்களைப் பற்றி யாருக்குத் தெரியும்?

காது

அன்னப்பழம் சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் தேரிக்காட்டு ஊர்க்காரி. செம்மண்ணும் பனையும் தவிர வேறொன்றும் இல்லாத இடம். அவளுடைய அய்யா பனையிலிருந்து விழுந்து இறந்துபோனவர். அம்மை கருப்பட்டி காய்ச்சிப் பிழைத்தாள். ஊர்ச் சபையைக் கவனித்துவந்த உபதேசியார் எழுதிக் கொடுத்ததன்பேரில் எங்கள் விடுதியில் சேர்த்துக்கொண்டார்கள்.

அவள் வந்தபோது காது கழுத்துவரைக்கும் தொங்கியது. அந்தப் பக்கத்தில் அப்போதெல்லாம் பெண்குழந்தைக்குக் காது குத்தி, ஓட்டையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, குணுக்கு என்ற ஈய வளையத்தை மாட்டிக் காதை வளர்ப்பார்கள். பெரியவளானதும் பாம்படம் என்ற கனத்த பொன் காதணி போடுவதற்கு. என் அத்தை ஒருத்திக்கு அப்படிக் காது. அவள் குனிந்து கோலம் போடும்போது பாம்படம் இரண்டும் முன்னால் வந்து ஆடும். எனக்கு அதைப் பார்க்க ஆசையாக இருக்கும். என் அப்பா எங்களுக்கு அதெல்லாம் கூடாது என்றுவிட்டார்.

மிஸ்ஸியம்மாளுக்கு அந்தக் காதைக் கண்டாலே ஆகாது. பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று வருத்தப்படுவார்கள். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாள் தொங்கும் காதை அறுத்துச் சின்னதாகத் தைத்துவிடுவார்கள் என்று தெரிந்ததும் அவர்களுக்குச் சந்தோஷம். ஒரு வெள்ளிக்கிழமை ஐந்து பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். எதற்கு என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. திரும்பி வரும்போது ஐந்து பேரும் காதோடு சேர்த்துத் தலையில் கட்டுப் போட்டிருந்தார்கள்.

கட்டு அவிழ்த்த அன்று நாலு பேர் கண்ணாடியை விட்டு நகரவில்லை. அன்னப்பழம் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணாடியை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டாள்.

இரண்டு வார்த்தை

அடுத்த கடித நாளில் அன்னப்பழம் சிலேட்டில் எழுதியது எனக்கு எழுத்து எழுத்தாக நினைவிருக்கிறது. "அம்மாவுக்கு, என் காதைத் தைத்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை." அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

மிஸ்ஸியம்மாள் சிரித்த முகமாகத்தான் வாசித்தார்கள். முதல் வரிக்குத் தலையாட்டினார்கள். அது நல்ல செய்தி, இருக்கட்டும் என்றார்கள். பிறகு விரல் இரண்டாம் வரிக்கு வந்தது. நான் துடைத்தேன்.

அன்னப்பழம் குச்சியை எடுத்து, ஈரம் காயும் முன்பே அதே இடத்தில் அதே இரண்டு வார்த்தையை எழுதினாள்.

எங்கள் விடுதியில் அப்படி யாரும் செய்ததில்லை. மிஸ்ஸியம்மாள் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்கள். "நீ பொய் எழுதினாய் என்று நான் சொல்லவில்லை. உன் தாய் இதை வாசித்தால் வருத்தப்படுவார்கள். உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு உன் படிப்பு என்ன ஆகும்?"

அன்னப்பழத்துக்கு அது தெரியாமல் இல்லை. படிப்பென்றால் அவளுக்கு உயிர். ஊருக்குத் திரும்பினால் பனங்காட்டில் விறகு பொறுக்கி அடுப்பெரிக்க வேண்டியதுதான். ஆனாலும் சிலேட்டைத் துடைக்கத் திருப்பித் தரவில்லை. அன்று அவளுக்குக் கார்டு கிடைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவளை மட்டும் தனியாக உட்கார வைத்தார்கள். மறுபடியும் அதே இரண்டு வார்த்தை. மறுபடியும் என் துணி. அன்றைக்கும் கார்டு இல்லை.

மூன்றாவது சனிக்கிழமை சிலேட்டை ஒன்றும் எழுதாமல் நீட்டினாள். பிள்ளை மனந்திரும்பிவிட்டாள் என்று மிஸ்ஸியம்மாள் நினைத்துக்கொண்டார்கள். தலையைத் தடவி, கரும்பலகையில் இருக்கிற மாதிரிக் கடிதத்தையே எழுதச் சொல்லிக் கார்டு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கார்டை வாங்கி வைப்பது என் வேலை. அவள் கார்டைத் திருப்பிப் பார்த்தேன். மேல்விலாசம் அழகாக எழுதியிருந்தது. பின்பக்கம் வெறும் கார்டு. ஒரு புள்ளிகூட இல்லை.

"ஏட்டி, ஒண்ணும் எழுதலியே?" என்று கேட்டேன்.

"நான் எழுதுனத எழுதக் கூடாதுங்காவ. எழுதச் சொல்லுதது என்னோடது இல்ல. பெறவு எதைக்கா எழுத?"

அவள் வீம்புக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்து, வேறு ஒன்றும் இல்லை என்று கண்டுகொண்டவளாகச் சொன்னாள். வாத்தியார் மகள் நான், அவளைவிட இரண்டு வகுப்பு மேலே படிக்கிறவள், எனக்கு இது இரண்டு வருஷமாகத் தோன்றவில்லையே என்று வியந்துபோனேன்.

மிஸ்ஸியம்மாளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. விடுதியின் மற்றத் தபால்களோடு சேர்த்து மேல்விலாசம் மேலே தெரியும்படி கட்டி, தபாலுக்குக் கொடுத்துவிட்டேன். என் உத்தியோகத்தில் நான் செய்த முதல் துரோகம் அதுதான். அதனால் என்ன வரும் என்று அப்போது தெரியாது.

தேரிக்காட்டில் நடந்தது

இதைப் பிற்பாடு அன்னப்பழத்தின் ஊர்க்காரர்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

அந்த ஊரில் உபதேசியார் ஒருவருக்குத்தான் வாசிக்க வரும். யாருக்குக் கடிதம் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்து எல்லோருக்கும் கேட்க வாசிப்பார். ஒருவர் பிள்ளை எழுதியதை ஊரே கேட்கும். 'தேவ கிருபையால் நான் சுகமாயிருக்கிறேன்' என்ற வரி வந்ததும் கூட்டமே 'ஸ்தோத்திரம்' என்று சொல்லும். எங்கள் கரும்பலகைக் கடிதத்துக்கு அங்கே அத்தனை மரியாதை இருந்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் கார்டைக் கையில் எடுத்தார். மேல்விலாசத்தை வாசித்தார். திருப்பினார். மறுபடியும் முன்பக்கம் பார்த்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். அன்னப்பழத்தின் அம்மை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

அவர்கள் ஊரில் ஒரு வழக்கம். சாவுச் செய்தியை வாயால் சொல்லமாட்டார்கள். சொல்ல வந்தவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். வீட்டுக்காரர்களே புரிந்துகொள்ள வேண்டும். பேசாமல் வந்து நிற்கிற செய்தி என்றால் அந்த ஊரில் ஒரே ஒரு செய்திதான்.

கார்டும் பேசாமல்தானே வந்து நிற்கிறது. கூட்டத்தில் யாரோ ஒரு பெண் முதலில் வாயைப் பொத்தினாள். உபதேசியாரும் யோசித்தார். மேல்விலாசம் பிள்ளை கையெழுத்து, அதில் சந்தேகமில்லை. விடுதியில் மேல்விலாசத்தை முதலில் எழுதச் சொல்வார்கள் போலிருக்கிறது. எழுதிவிட்டு, உள்ளே எழுதும் முன் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது. சொல்ல வாய் வராமல் பள்ளிக்கூடத்தார் கார்டை அப்படியே அனுப்பிவிட்டார்கள். படித்தவர் இப்படி அவிழ்த்துச் சொன்னபிறகு யாருக்குச் சந்தேகம் வரும்?

மத்தியானமே புறப்பட்டுவிட்டார்கள். முப்பது கல்லுக்குக் குறையாத தூரம். வயசானவர்களுக்கு ஒரு மாட்டு வண்டி, மற்றவர்கள் நடை. மகளுக்குப் போர்த்த ஒரு கோடிச் சேலை. அதற்குள் பிள்ளையை அடக்கம் பண்ணியிருந்தால் கல்லறையிலாவது ஊர் மண் விழட்டும் என்று அம்மை முந்தியில் ஒரு பிடி தேரி மண்ணை முடிந்துகொண்டாள். காதிலிருந்த பாம்படத்தைத் துக்கத்துக்காகக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டாள்.

வாசலில்

மிஸ்ஸியம்மாள் முன்னால் ஓடினார்கள். நாங்கள் பின்னால். கதவைத் திறந்ததும் அந்த அம்மை மிஸ்ஸியம்மாளின் காலடியில் உட்கார்ந்து கேட்டாள். "எம் மகள எங்கன அடக்கம் பண்ணிருக்கிய? அந்த எடத்தையாவது காட்டுங்கம்மா."

மிஸ்ஸியம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் அன்னப்பழம் எங்களை எல்லாம் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, "எம்மா" என்றாள்.

சத்தம் அத்தனையும் சட்டென்று நின்றது. அம்மை எழுந்திருக்கவில்லை. மகளைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்து உட்கார வைத்து, முகத்தைத் தடவினாள், தலையைத் தடவினாள், முதுகைத் தடவினாள். முந்தியின் முடிச்சு எப்போது அவிழ்ந்ததோ, சிவந்த மண் இரண்டு பேர் மடியிலும் கொட்டிக் கிடந்தது. தடவிக்கொண்டே வந்த கை காதுக்கு வந்ததும் நின்றுவிட்டது. தொங்குகிற காதைத் தேடிய விரல் கழுத்தில் வெறுமனே கிடந்தது.

வந்தது வம்பு என்று நினைத்தேன்.

உபதேசியார் கார்டை எடுத்து மிஸ்ஸியம்மாளிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னார். மிஸ்ஸியம்மாள் கார்டைத் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். ஆனால் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மையிடம் திரும்பி, தன் புஸ்தகத் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்கள். "உங்கள் மகள் ஒரு விஷயம் எழுதினாள். அது உங்களை வருத்தப்படுத்தும் என்று எண்ணி நான் அதை அழிக்கச் செய்தேன். இரண்டு தடவை அழிக்கச் செய்தேன். ஆகையால் அவள் ஒன்றும் எழுதவில்லை."

மறைத்திருக்கலாம். பிள்ளை சோம்பலால் எழுதவில்லை என்று சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? உள்ளதைச் சொன்னார்கள் என்பதை இங்கே நான் சொல்லியாக வேண்டும்.

அம்மை கோபமே இல்லாத குரலில் சொன்னாள். "நான் வருத்தப்படுவேன்னா அழிச்சிய? நேத்து மத்தியானத்துலேருந்து எம் மகளப் பொதச்சுக்கிட்டுல்லாம்மா நடந்து வாரேன். அதைவிடவா ஒரு வருத்தம்?"

மிஸ்ஸியம்மாள் தலை குனிந்தது. நான் அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை.

"எனக்கு எழுத்து தெரியாது. அவ எழுதுனத நீங்க வாசிங்க. தப்புன்னா தப்புன்னு அவகிட்டச் சொல்லுங்க. அழிக்காதிய" என்றாள் அம்மை. பிறகு, "அப்படி என்னதான் எழுதுனா?" என்று கேட்டாள்.

மிஸ்ஸியம்மாளே சொன்னார்கள். காதைத் தைத்தது, ஆஸ்பத்திரி, எல்லாம் சொல்லி, கடைசியில் அந்த இரண்டு வார்த்தையையும் சொன்னார்கள். நான் துடைத்த வார்த்தை அவர்கள் வாயாலேயே வெளியே வந்தது.

ஊர்க்காரர்கள் முணுமுணுத்தார்கள். காதை அறுத்துவிட்டார்கள், நாளைக்குப் பாம்படம் எங்கே போடுவாள், இந்தப் படிப்பு நமக்கு எதற்கு, வண்டியில் ஏற்றுங்கள் பிள்ளையை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அம்மை அதை எல்லாம் காதில் வாங்காமல் மகளைக் கேட்டாள்.

"வலிச்சுதாட்டி?"

"வலிச்சுது."

"இப்ப?"

"இல்ல. காது நல்லாத்தான் இருக்கு. எனக்குப் புடிச்சிருக்கு."

உபதேசியாருக்குப் பொறுக்கவில்லை. "பிடிச்சிருக்குன்னா பெறவு ஏம்ளா இந்தப் பாடு? இத்தனை பேரை நடக்க வச்சியே" என்றார்.

அன்னப்பழம் அவரைப் பார்த்துச் சொன்னாள். "கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். கேக்கலைல்லா."

நான் பிறகு முப்பது வருஷத்துக்குமேல் பள்ளிக்கூடம் நடத்தினேன். பெரிய மேடைகளில் பெரிய மனிதர்கள் சுதந்திரம் என்றால் என்ன என்று மணிக்கணக்காகப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். தேரிக்காட்டுப் பெண் அந்த வாசலில் சொன்னதற்குமேல் யாரும் ஒன்றும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. தனக்குப் பிடித்த காரியமானாலும் தன்னைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று பதின்மூன்று வயதில் ஒருத்திக்கு எப்படித் தெரிந்தது? இன்றைக்கும் ஆச்சரியம் தீரவில்லை.

ஊர்க்காரர்கள் வண்டியைத் திருப்பிவிட்டார்கள். ஒரு பெரியவர் அன்னப்பழத்தின் கையைப் பிடித்து, "வா தாயி, போதும் படிச்சது" என்றார். அவள் முகம் வெளுத்தது. அம்மை மகளைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். மிஸ்ஸியம்மாள் பயந்த காரியம் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

"பொறுங்கள்" என்றார்கள் மிஸ்ஸியம்மாள். பெரியவரிடமோ அம்மையிடமோ பேசவில்லை. நேராக அன்னப்பழத்தின் முன்னால் வந்து நின்றார்கள். "உன்னைக் கேட்கிறேன். நீ இங்கே இருந்து படிக்கிறாயா, வீட்டுக்குப் போகிறாயா?"

எனக்குத் தெரிந்து அந்த விடுதியில் ஒரு பிள்ளையிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. பாடத்தில் கேட்கிற கேள்விகளைச் சொல்லவில்லை.

அன்னப்பழம் பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"படிக்கேன். ஆனா எனக்கு சிலேட்டு வேண்டாம். கார்டு தாங்க."

மிஸ்ஸியம்மாள் சரி என்றார்கள்.

அம்மை அப்போதுதான் அழுதாள். அழுது முடித்து, கோடிச் சேலையை உதறி மகள் தோளில் போட்டாள். "கேட்டாவ, சொல்லிட்டா. வாங்க போவோம்" என்று ஊர்க்காரர்களிடம் சொன்னாள். சாவுக்குக் கொண்டுவந்த சேலையை அந்தக் கிறிஸ்துமஸுக்கு அன்னப்பழம் கட்டிக்கொண்டாள். வாசலில் கொட்டிய சிவப்பு மண் ஐப்பசி மழை வரைக்கும் அங்கேயே கிடந்தது. அதை மிதிக்காமல் சுற்றிப் போனோம், யாரும் சொல்லாமலே.

முதல் சனிக்கிழமை

அடுத்த கடித நாளில் சிலேட்டு இல்லை. ஈரத்துணி இல்லை. கரும்பலகையும் காலியாக இருந்தது. எல்லோர் கையிலும் நேராகக் கார்டு. மிஸ்ஸியம்மாள் வாசிப்பதை விடவில்லை, வாசித்தார்கள். ஆனால் அதற்குப்பிறகு ஒரு எழுத்தையும் அழித்ததில்லை. சில சமயம் அடியில் இடமிருந்தால், 'இவள் எழுதியிருப்பதை விசாரிக்கிறேன்' என்று தாங்களும் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள்.

சிரிக்காதீர்கள், அன்றைக்கு நாற்பது பிள்ளைகளில் முப்பத்தைந்து பேர் என்ன எழுதினோம் தெரியுமா? 'தேவ கிருபையால் நான் சுகமாயிருக்கிறேன். தங்கள் சுகத்துக்கு எழுதவும்.' யாரும் சொல்லவில்லை, கரும்பலகையிலும் இல்லை. கை அதற்குத்தான் பழகியிருந்தது. நானும் அதையே எழுதினேன். எழுதிவிட்டு, இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்திருந்த அன்னப்பழத்தைப் பார்த்தேன். கார்டின் ஓரம்வரைக்கும் நெருக்கி நெருக்கி எழுதிக்கொண்டிருந்தாள். என்ன எழுதினாள் என்று தெரியாது. கார்டை வாங்கும்போது வேண்டுமென்றே நான் வாசிக்கவில்லை.

எனக்கென்று ஒரு வரி எழுத இன்னும் மூன்று மாதம் ஆயிற்று. ஒவ்வொரு முதல் சனிக்கிழமையும் கார்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்காருவேன். வராது. கடைசியில் ஒரு நாள் வந்தது.

"அப்பாவுக்கு, இரண்டு வருஷமாய் மற்றப் பிள்ளைகள் எழுதினதை நான் அழித்துக்கொண்டிருந்தேன். அதைச் செய்ய எனக்குப் பிடித்திருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது."

போட்டுவிட்டுப் பயந்துகொண்டிருந்தேன். அப்பா கண்டிப்பானவர். ஒரு வாரத்தில் பதில் வந்தது. அதுவரை நான் அவருக்கு இருபதுக்குமேல் கார்டு போட்டிருப்பேன், ஒன்று தவறாமல். பதிலில் அப்பா எழுதியிருந்தது இவ்வளவுதான்.

"உன்னிடமிருந்து முதல் கடிதம் கிடைத்தது."